மஞ்சள் டேப்பில் நின்ற குரல்

பாட்டுப் போட்டியின் ஏழாவது சீசனில், பதினோராவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு இருபத்திரண்டுக்கு, பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் பெண்ணின் குரல் அவரை விட்டுக் கிளம்பி, ஒன்பது கிலோமீட்டர் தள்ளிப் பூட்டிக் கிடந்த டிவி ஸ்டுடியோவுக்குப் போய் நின்றுகொண்டது. நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்ல முடிவதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஸ்டுடியோ காவலாளி தன் பதிவேட்டில் ‘7.22, உள்ளே பெண் பாட்டு, ஆள் இல்லை, பூட்டு சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்தப் பெண்ணின் மகள், ஏழரைக்கு ஓட்டுப் போட ஆரம்பிக்க வேண்டும் என்பதால் கடிகாரத்தின் மேலேயே கண்ணாக இருந்தாள். இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகின்றன. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணை எல்லாரும் மைக்கக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்ததோடு சரி. பஸ் நிலையத்தின் மாடியில், எட்டு நடைமேடையும் கண்ணில் படுகிற மாதிரி கண்ணாடி வைத்த சின்ன அறை அவருடையது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பஞ்சு உறை கிழிந்துபோன ஒரு மைக். பத்தொன்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்புகிறது, எது வழியில் டயர் வெடித்துக் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று அவர் சொன்னால் ஜனங்களுக்குக் கோபமே வராது. சரி, வரட்டும் என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதே சேதியை மேலாளர் ஒருமுறை தன் வாயால் சொல்லப் போய், கீழேயிருந்து பறந்து வந்த தண்ணீர் பாட்டில் கண்ணாடியில் பட்ட விரிசல் இன்னும் அப்படியே இருக்கிறது.

போட்டிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தது மகள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண், அம்மா சமையலறையில் பாடுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டே வளர்ந்தவள். விண்ணப்பத்தில் ‘வாழ்க்கையில் பட்ட கஷ்டங்கள், இரண்டு பக்கத்துக்கு மிகாமல்’ என்று ஓர் இடம் இருந்தது. “அம்மா, உனக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்டாள். “பஸ் லேட்டா வர்றதுதான்” என்றார் மைக்கக்கா. மகள் அதை அப்படியே எழுதினாள். நிகழ்ச்சி அலுவலகத்தில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரிப்பு மூட்டியதற்காகத்தான் முதல் சுற்றுக்கே கூப்பிட்டார்கள். வந்தவர் வாயைத் திறந்ததும் சிரிப்பெல்லாம் நின்றுபோனது. பத்து வாரம் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

அந்த நிகழ்ச்சி எப்படித் தயாரானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு புதன்கிழமையும் படப்பிடிப்பு. காலையில் நடுவர்களும் பார்வையாளர்களும் வந்ததும் முதல் வேலையாகக் கைதட்டலை எடுத்துவிடுவார்கள். பிறகு எழுந்து நிற்பது, வாயில் கை வைப்பது, கண் துடைப்பது. முகம் பளிச்சென்று இருக்கும்போதே அழுகையை எடுத்தால்தான் பார்க்க நன்றாயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. மத்தியானத்துக்கு மேல்தான் பாட்டு. மேடை நடுவில் மஞ்சள் டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டியிருக்கும், பாடுகிறவர் அதன்மேல் நிற்க வேண்டும். எடுத்த பாட்டெல்லாம் ஒலிப்பதிவாளரின் அறைக்குப் போகும். அங்கே இறங்கின சுருதியை ஏற்றி, ஏறினதை இறக்கி, மூச்சு வாங்கினதை நறுக்கி எடுப்பார். இந்த வேலைக்கு அங்கே சலவை என்று பெயர். சலவை செய்யாத பாட்டு அந்த ஏழு சீசனில் ஒளிபரப்பானதே கிடையாது, மைக்கக்கா பாடினதைத் தவிர. அவர் பாட்டை ஒலிப்பதிவாளர் கேட்பார், கையைக் கட்டிக்கொண்டு கேட்பார், அப்படியே அனுப்பிவிடுவார். ஒவ்வொருவர் பாடி முடித்ததும் அவர் தன் அறையிலிருந்து மைக்கில், “எடுத்தாச்சு. வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்வது வழக்கம். பதினாலு வருஷத்துப் பழக்கம் அது. அதைக் கேட்ட பிறகுதான் பாடகர்களுக்குத் தோள் இறங்கும்.

பத்தாவது வாரம் டைரக்டருக்கு ஒரு சேதி போய்ச் சேர்ந்தது. மைக்கக்காவின் வீட்டுக்காரர் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போனவர். போனது பஸ்ஸில். அதுவும் நாலாம் மேடையிலிருந்து மத்தியானம் இரண்டு பத்துக்குக் கிளம்பும் வண்டியில். மாடியில் உட்கார்ந்து, வண்டி புறப்படத் தயார், ஏற வேண்டியவர்கள் ஏறிக்கொள்ளவும் என்று அறிவித்தது சாட்சாத் இவரேதான். அந்த நேரம் இவர் ஆறாம் மேடையில் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுத ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதைப் பற்றி மைக்கக்கா மகளிடம்கூட ஒரு வார்த்தை பேசினதில்லை. டைரக்டர் என்ன செய்தார் என்றால், பலகையில் பாதி பஸ் செய்து, நிஜ விளக்கு பொருத்தி, மேடையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

“அக்கா, ஒரே ஒரு தடவை. அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. மீதியை நாங்க பாத்துக்கறோம்.”

“மீதின்னா?”

“அழுகை.”

“பாடச் சொல்லுங்க, பாடறேன். இது முடியாதுங்க.”

“ஊரே அழும் அக்கா, புரிஞ்சுக்கோங்க.”

“ஊர் எதுக்கு அழணும்? போனது என் வீட்டுக்காரர்.”

அவ்வளவுதான் பேச்சு. டைரக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பலகை பஸ்ஸைப் பிரித்துப் பின்பக்கம் அடுக்கினார்கள். மைக்கக்கா மஞ்சள் டேப்பில் ஏறி நின்று பாடினார். யாரோ அக்கரையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற பாட்டு. மூன்றாவது அடியில் குரல் படியேறுகிற மாதிரி ஏறி, உச்சியில் போய் ஒரு கணம் நின்று, பிடிமானம் இல்லாமல் இறங்கி வர வேண்டும். பெரிய பெரிய ஆட்களே அந்த உச்சியில் வழுக்குவார்கள். மைக்கக்கா அங்கே நின்ற நேரத்தில், விளக்குக்காரர் சொன்னபடி, மேலே தொங்கிய அறுபது விளக்கும் ஒரு சாண் தாழ்ந்து வந்து திரும்ப ஏறின. “எடுத்தாச்சு. வீட்டுக்குப் போகலாம்” என்றார் ஒலிப்பதிவாளர்.

மறுநாள் டைரக்டர் ஒலிப்பதிவாளரின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். மூன்றாவது அடியைக் கால் சுருதி இறக்கச் சொன்னார். “சலவைன்னா அழுக்கு எடுக்கறதுங்க” என்றார் ஒலிப்பதிவாளர். “எடுக்கத் தெரிஞ்ச கைக்கு வைக்கவும் தெரியும்” என்றார் டைரக்டர். மாட்டேன் என்று ஒலிப்பதிவாளர் சொல்லவில்லை. அதை அவரே பின்னால் பலரிடம் சொல்லிக்கொண்டார்: மாட்டேன்னு ஒரு வார்த்தை, நாலு எழுத்து, வாயில வரலை. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அழகான வேலை. இறக்கினது போலவே தெரியாது, பாவம், அம்மாவுக்கு முடியவில்லை என்றுதான் தோன்றும். பிறகு மூலப் பதிவை அழிக்கச் சொன்னார்கள். அழித்தார். அன்று வீட்டுக்குப் போய் அழைப்பு மணியை அமுக்கினபோது அது கால் சுருதி இறங்கி ஒலித்தது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றினார். மாற்றின பிறகும் அப்படித்தான் ஒலித்தது. கொதிக்கிற குக்கர், தெருவில் போகிற ஹாரன், ‘அப்பா’ என்று கூப்பிட்ட பிள்ளையின் குரல், எல்லாமே அவர் காதுக்குக் கால் சுருதி கீழே இருந்தன. அன்றிலிருந்து அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கக்காவின் வீட்டில் உட்கார இடமில்லை. அக்கம்பக்கத்தார், மூன்று டிரைவர்கள், டிக்கெட் கவுன்டர் அம்மா, வாசல்படியில் பஸ் கழுவுகிறவர். மூன்றாவது அடி வந்தது. உச்சிக்குப் போகிற இடத்தில் குரல் தள்ளாடிச் சரிந்தது. அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. டிக்கெட் கவுன்டர் அம்மா மட்டும், “டிவி பெட்டி பழசு, அதான்” என்று ஏதோ சொல்லப் பார்த்தார். மைக்கக்கா எழுந்து நின்றார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட எட்டாம் மேடையை ஏழாம் மேடை என்று தப்பாகச் சொன்னவரில்லை. தன் காதை அவர் அவ்வளவு நம்பினார். “நானா இப்படிப் பாடினேன்?” என்று கேட்டார். பிறகு, “இப்படி ஒரு குரல் எனக்கு வேண்டாம்” என்றார். சொன்னது மெதுவாகத்தான். ஆனால் மனதாரச் சொன்னார். மணி ஏழு இருபத்திரண்டு. அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அந்த வாரத்து ஓட்டில் மைக்கக்கா போட்டியை விட்டு வெளியேறினார். மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டை சுத்தமாக இருக்கிறது, நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, குரல்தான் இல்லை என்று மூன்று பேரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். பஸ் நிலையத்தில் ஒரே களேபரம். முதல் வாரத்திலேயே தெற்கே போக வேண்டியவர்கள் வடக்கே போய் இறங்கினார்கள். ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளையை நடைமேடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. மேலாளர் கெட்டவரில்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். பதிவு செய்த குரலில் தானாக அறிவிக்கும் ஒரு பெட்டியை அனுப்பி வைத்துவிட்டார்கள். “சீசன் முடியற வரைக்கும் பெட்டியைப் பிரிக்காம வெச்சிருக்கேன்மா. அதுக்குள்ள குரல் வந்தா சரி. வரலைன்னா நான் என்ன பண்ணட்டும்?” என்றார். மைக்கக்காவைக் கீழே, தொலைந்த பொருள்களைத் திருப்பித் தரும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். குடையும் டிபன் பாக்ஸும் ஒற்றைக் கையுறையும் அடுக்கின அலமாரிக்கு முன்னால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டி வேலை பார்த்தார். வீட்டில் மகள் பேசிக்கொண்டே இருந்தாள். அம்மா தலையாட்டுவார். ஒருநாள் மகள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா கூப்பிடுகிற மாதிரித் தன் பெயரைத் தானே கூப்பிட்டுப் பார்த்தாள். அது சரியாக வரவில்லை.

ஸ்டுடியோவில் நடந்தது வேறு. அடுத்த புதன்கிழமை, பல் மருத்துவம் படிக்கிற ஒரு பையன் மஞ்சள் டேப்பில் நின்று பாட ஆரம்பித்தான். பதிவு விளக்கு சிவப்பாக எரிந்ததும் அவன் தொண்டைக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் எழுந்து, அக்கரைப் பாட்டின் மூன்றாவது அடியைப் பாடி, உச்சியில் நின்று, இறங்கியது. இரண்டாவது நடுவர் ‘ஒரே நேரத்தில் இரண்டு குரலில் பாடும் அபூர்வத் திறமை’ என்று பாராட்டி முழு மதிப்பெண் போட்டுவிட்டார். மூத்த நடுவர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே அழுதார். காமிரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் அழுகையைத்தான் காலையிலேயே எடுத்தாயிற்றே. டேப்பை மூன்றடி தள்ளி ஒட்டினார்கள். குரல் பழைய இடத்திலேயே நின்றது. கம்பளம் விரித்தார்கள். தச்சரைக் கூப்பிட்டு அந்தப் பலகையையே அறுத்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். குரல் அந்த ஓட்டைக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில், இருந்த இடத்திலேயே இருந்தது. விளக்கு எரியாத நேரத்தில் அது தன் வேலையைப் பார்த்தது. “ஐந்தாம் நம்பர் மேடையில் நிற்கும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது” என்று சொன்னால், பஸ் நிலையத்தில் அந்த வண்டி அந்த நிமிஷம் புறப்பட்டது. தாமதமான வண்டியைக்கூடச் சரியாகச் சொன்னது. ஒப்பனைக்கார அம்மா ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு, அதை நம்பி வீட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தார். பிறகு எல்லாருமே அப்படிக் கிளம்பினார்கள். அந்த ஒன்றரை மாதத்தில் படப்பிடிப்புக் குழுவில் ஒருவரும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை.

டைரக்டருக்குப் பயமெல்லாம் இல்லை, எரிச்சல்தான். “அந்தச் சத்தத்தை எடுத்துடு” என்று ஒலிப்பதிவாளரிடம் சொல்லிவிட்டார். வாரா வாரம், மற்றவர்கள் பாட்டுக்குள் வந்து விழுந்த அந்த ஒரு அடியைத் தேடித் தேடி அழிக்க வேண்டும். அவர் அழித்தார். ஆறு வாரத்தில் முப்பத்தோரு தடவை அழித்தார். கொடுமை என்னவென்றால், அது சரியான சுருதியில் இருக்கிறதா என்று அவர் காதுக்குத் தெரியவில்லை, திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கோடு மயிரிழைகூடப் பிசகவில்லை. ஏழாவது வாரம் அவர் லீவு போட்டுவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனார்.

தொலைந்த பொருள் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் சொன்னார்: “அக்கா, நீங்க சரியாத்தான் பாடினீங்க. நான்தான் இறக்கினேன். இந்தக் கையாலதான் இறக்கினேன்.” மைக்கக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நோட்டில் எழுதித் திருப்பிக் காட்டினார்: ‘ஆறுதல் சொல்ல இவ்வளவு தூரம் வந்ததுக்கு நன்றி. என் காதால கேட்டேன் தம்பி.’ ஒலிப்பதிவாளர் சத்தியம் செய்தார். பின்னால் குடையைத் தேடி வந்தவர் நேரமாகிறது என்றார். மைக்கக்கா இன்னொரு வரி எழுதினார்: ‘உங்களுக்கு ஏதாவது தொலைஞ்சிருக்கா?’ வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் அது. ஒலிப்பதிவாளர் குடைக்காரருக்கு வழிவிட்டு நகர்ந்தார். வாயால் சொன்னால் அவர் நம்பப்போவதில்லை, காதால்தான் கேட்க வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. மூலப் பதிவோ இல்லை. இருக்கிற ஒரே சாட்சி ஸ்டுடியோவில் ஓட்டைக்கு மேலே நிற்கிறது. வெளியேற்றப்பட்டவர்கள் இறுதிச்சுற்று வரை உள்ளே வரக்கூடாது என்று ஒப்பந்தம்.

இறுதிச்சுற்றுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தம்தான். அன்றைக்கு வெளியேறினவர்கள் எல்லாரும் பின்வரிசையில் நின்று சேர்ந்திசை பாட வேண்டும். நேரடி ஒளிபரப்பு. நேரடி என்றால் எதையும் அழிக்க முடியாது. அதனால் டைரக்டர் முன்ஜாக்கிரதையாக எல்லாப் பாட்டையும் முன்பே பதிவு செய்து சலவையும் செய்து வைத்துவிட்டார். மேடையில் இருப்பவர்கள் வாயசைத்தால் போதும், மைக்கெல்லாம் வெறும் அலங்காரம். ஓட்டைக்கு முன்னால் ஆளுயர ஸ்பீக்கர் ஒன்றை நிறுத்தி, அதிலிருந்து காது கிழிகிற மாதிரிப் பாட்டைப் போட ஏற்பாடு. மைக்கக்கா மகளோடு வந்து, கொடுத்த உடையைப் போட்டுக்கொண்டு, பின்வரிசையில் இடது கோடியில் நின்றார். அவருக்கு வாயசைப்பதில் என்ன கஷ்டம், இரண்டு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்.

சேர்ந்திசை தொடங்கிப் பாதி ஆனபோது ஒலிப்பதிவாளர் தன் அறையில் எழுந்து நின்றார். கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். பாட்டு வருகிற எல்லா விசையையும் இரண்டு கையாலும் சேர்த்துக் கீழே இழுத்தார். ஒரு கோடி வீடுகளில் டிவி ஊமையானது. மேடையில் பதிமூன்று பேர் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டு நின்றார்கள், பார்க்கவே சங்கடமாக இருந்தது. பிறகு அவர் ஸ்பீக்கருக்குப் பின்னால் காலையிலேயே ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு மைக்கைத் திறந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குரல் பாடியது.

மூன்றாவது அடி. ஏறியது. உச்சிக்குப் போய் நின்றது. ஒலிப்பதிவாளரின் காதுக்கு மட்டும் அது அப்போதும் கால் சுருதி இறங்கித்தான் கேட்டது. அதனால் அவர் காதை விட்டுவிட்டுக் கண்ணாடி வழியே பின்வரிசை இடது கோடியைப் பார்த்தார். மைக்கக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் சுருதி சேர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அந்த அம்மா முன்னால் நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு நடந்து வந்தார். ஸ்பீக்கரைச் சுற்றி வந்து, ஓட்டையின் விளிம்பில் நின்று, எதிரே ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து வாயசைத்தார். அவர் என்ன சொன்னார் என்று உதட்டைப் பார்த்தே எல்லாருக்கும் புரிந்தது. மன்னிச்சுடு என்றார். உன்னைப் போய் வேண்டாம்னு சொல்லிட்டேனே என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மகள் ஓவென்று அழுதாள். குரல் அந்த அடியை முடித்துவிட்டு அமைதியானது. கதவை உடைத்துக்கொண்டு டைரக்டர் ஒலிப்பதிவாளரின் அறைக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் தொழில்நுட்பக் கோளாறு என்று அறிக்கை வந்தது. ஒலிப்பதிவாளர் தானே செய்ததாக எழுதிக் கொடுத்ததை யாரும் வெளியிடவில்லை, ஆனால் அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். நாலு நாள் சேனல்களில் வாக்குவாதம் நடந்தது. போடப்பட்ட ஓட்டு நாட்டின் ஜனத்தொகையைவிட அதிகம் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. கோப்பையை யாரோ வாங்கினார்கள். டைரக்டர் இப்போது சமையல் போட்டி நடத்துகிறார்.

இறுதிச்சுற்று முடிந்த அன்றிரவே மைக்கக்காவும் மகளும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்கள். குரல் உடனே தொண்டைக்குள் போகவில்லை. ஒருத்தியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மன்னித்துக்கொள் என்று கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கே வந்து ஒட்டிக்கொள்வாளா? இரண்டடி தள்ளியே வந்தது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கமாக எதையோ முணுமுணுத்தது. கண்டக்டர் மகளுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் கிழித்துவிட்டு, காலிச் சீட்டைப் பார்த்து, “அவங்களுக்கு?” என்று கேட்டார். மகள் இன்னொரு டிக்கெட் வாங்கினாள். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தே காலுக்கு முதல் வண்டி. மேலாளர் பெட்டியைப் பிரிக்கக் கத்தரிக்கோலோடு மாடிக்கு வந்து நின்றார். மைக்கக்கா நாற்காலியில் உட்கார்ந்து வாயசைத்தார். அவருக்கு வலது பக்கம், ஜன்னல் ஓரமாக, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, “ஒன்றாம் நம்பர் மேடையில் நிற்கும் வண்டி” என்று குரல் ஆரம்பித்தது. கீழே ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மேலாளர் கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது கையில் இன்னொரு நாற்காலி இருந்தது. “நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் பேசும், பாவம்” என்றார். அறிவிப்புப் பெட்டி இன்றுவரை பிரிக்கப்படவில்லை. காற்றில் கதவு அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுக்கிறார்கள்.

அதே வாரம் ஒலிப்பதிவாளர் நாலாம் மேடையின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பச்சைச் சட்டை போட்டிருந்தார். எந்த வண்டியிலும் ஏறவில்லை. காலையில் வருவார், அறிவிப்பையெல்லாம் கேட்பார், பொழுது சாய்ந்தால் நடந்தே வீட்டுக்குப் போவார். தினமும் வந்தார். வேறு ஸ்டுடியோக்களில் கூப்பிட்டார்கள்தான், ஆனால் எல்லாமே கால் சுருதி இறங்கிக் கேட்கிற ஆள் அங்கே போய் என்ன செய்வது? அவர் மனைவி மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காலி டப்பாவை எடுத்துப் போனார். பெஞ்சில் அவர் உட்காரும் இடம் மற்றவர்களுக்குப் பழகிவிட்டது. புதிதாக வருகிற பயணிகள் அவரிடம் வழி கேட்டார்கள், அவரும் சொன்னார்.

மைக்கக்கா மாடியிலிருந்து அவரைத் தினமும் பார்த்தார். மூன்றாவது மாதமே அவருக்கு மனம் ஆறிவிட்டது. மன்னித்தேன் என்று வாயசைத்துச் சொல்லவும் செய்தார். ஆனால் பக்கத்து நாற்காலி வாயே திறக்கவில்லை. அந்த வார்த்தை வந்தபோதெல்லாம் குரல் பிடிவாதமாக மௌனமாக இருந்துவிட்டு, அடுத்த வண்டியின் அறிவிப்புக்குப் போய்விடும். கை வைத்தது அதன் மேல்தானே, இவர் மன்னித்தால் ஆயிற்றா? மைக்கக்கா வற்புறுத்தவில்லை. மாதத்துக்கு ஒருமுறை வாயசைத்துப் பார்ப்பார், சரி, இன்னும் ஆகவில்லை என்று விட்டுவிடுவார். மழைக்காலம் போனது. மகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போனாள். விடுதியிலிருந்து போன் செய்வாள். அம்மா பேசினால் போனில் இரண்டடி தள்ளி நின்று பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் அவள் பெயரைக் கூப்பிடுவது பழைய மாதிரியே இருந்தது.

பதினோராவது மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நாலாம் மேடையில் இரண்டு பத்து வண்டி வந்து நின்றது. பத்து வருஷமாக மைக்கக்கா அந்த வண்டியை மட்டும் கண்ணாடிப் பக்கம் பார்க்காமல்தான் அறிவிப்பார். அன்றைக்கு எழுந்து கண்ணாடியருகே போய், வண்டியையும் பெஞ்சையும் பார்த்துக்கொண்டே வாயசைத்தார். டிரைவர் என்ஜினைப் போட்டுவிட்டு மாடியைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியிலிருந்து, எட்டு நடைமேடைக்கும் கேட்கிற மாதிரி, குரல் பேசியது.

“நாலாம் நம்பர் மேடை பெஞ்சில் பச்சைச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பவர் கவனத்துக்கு. எடுத்தாச்சு. வீட்டுக்குப் போகலாம்.”

ஒலிப்பதிவாளர் தலையைத் தூக்கினார். டிரைவர் ஹாரன் அடித்தார், அது இருக்க வேண்டிய சுருதியில் இருந்தது. யாரோ ஒரு குழந்தை அம்மாவைக் கூப்பிட்டது, அதுவும் சரியாக இருந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பத்து வண்டி அவர் வீட்டு வழியாகத்தான் போகும். ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் எங்கே என்று கேட்டார், அவர் இறங்குமிடத்தைச் சொன்னார். வண்டி அன்று இரண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது, மைக்கக்கா அதையும் அறிவித்தார்.

அறிவிப்பு அறையில் இப்போதும் இரண்டு நாற்காலிகள்தான். குழந்தையைத் தொலைத்தவர்கள், பெட்டியை விட்டவர்கள் என்று எத்தனையோ பேர் பதறிக்கொண்டு மாடியேறி வருவார்கள். காலியாகத்தானே இருக்கிறது என்று இரண்டாவது நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. நின்றபடியே விவரத்தைச் சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் நன்றி சொல்லி இறங்கிப் போகிறார்கள்.